விடைகொடுக்க வந்தவர்கள்

1979 ஆகஸ்ட் 4. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் பகுதியில் க்ராப்ரெடி என்ற சிறு கிராமம். ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் சுமார் 4,500 பேர் கூடியிருந்தார்கள். ஒரு இசைக் குழுவுக்கு விடைகொடுப்பதற்காக. 12 ஆண்டுகள் பாடியாயிற்று, இனி பாடுவதாக இல்லை என்று ஃபேர்போர்ட் கன்வென்ஷன் அறிவித்துவிட்டது. அன்று பகலில் நெப்வொர்த்தில் லெட் ஸெப்பலின் நடத்திய பிரம்மாண்டமான விழாவில் முதல் குழுவாக வாசித்துவிட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு க்ராப்ரெடிக்கு விரைந்து வந்தார்கள். கடைசிக் கச்சேரி சொந்த ஊர் போன்ற இடத்தில், தெரிந்த முகங்களுக்கு முன்னால் நடக்கட்டும் என்று நினைத்தார்கள்.

அந்த வழியனுப்பு விழா இன்றுவரை முடிந்தபாடில்லை. அடுத்த ஆண்டே விடைகொடுத்தவர்களும் விடைபெற்றவர்களும் மீண்டும் சந்தித்தார்கள். அதற்கடுத்த ஆண்டும். செத்துப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒரு குழு வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் உயிர்த்தெழுந்து, பிறகு ஒரு நாள் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் முழுநேரக் குழுவாகவே மறுபிறவி எடுத்தது. ராக் இசை வரலாற்றில் குழுக்கள் விழாக்களை நடத்தியதுண்டு. ஒரு விழா ஒரு குழுவை நடத்தியது அபூர்வம். அதைச் சாத்தியமாக்கியவர்கள் ரசிகர்கள்.

எந்தக் குழுவுக்கும் ரசிகர்கள் இருப்பார்கள். ஆனால் ஃபேர்போர்ட் ரசிகரின் பாடு கொஞ்சம் சிக்கலானது. அவர் எதை நேசிக்கிறார் என்று சொல்வது கடினம். குறிப்பிட்ட பாடகியையா? அந்தப் பாடகி எப்போதோ இறந்துவிட்டார். கிதார் கலைஞரையா? அவர் 1971-ன் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். குறிப்பிட்ட இசை பாணியையா? குழு முதல் சில வருடங்களிலேயே நாலைந்து பாணிகளுக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டது. இதுவரை 20-க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில், 1972-ல், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. இருந்தும் பெயர் மாறவில்லை. ரசிகரும் மாறவில்லை.

பெயருக்கு ஒரு வீடு காரணம். வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் வட்டாரத்தில் கிதார் வாசிக்கும் ஸைமன் நிக்கலின் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. அவருடைய தந்தை டாக்டர். அந்த வீட்டில்தான் நோயாளிகளைப் பார்த்துவந்தார். வீட்டின் பெயர் ஃபேர்போர்ட். நிக்கல், பேஸ் கிதார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ், பள்ளி முடிக்கும் வயதிலிருந்த ரிச்சர்ட் தாம்ப்ஸன் ஆகியோர் அங்கே கூடிப் பயிற்சி செய்தார்கள். ஃபேர்போர்ட்டில் கூடுபவர்கள் என்பதால் ஃபேர்போர்ட் கன்வென்ஷன். 1967 மே 27-ல் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் ஒரு சர்ச் மண்டபத்தில் முதல் கச்சேரி. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்ட ஒரு பையன், நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, உங்கள் டிரம்மரைவிட நான் நன்றாக வாசிப்பேன் என்றான். வாசித்தும் காட்டினான். மார்ட்டின் லேம்பிள் குழுவில் சேர்ந்தது இப்படித்தான். அதாவது, முதல் கச்சேரியிலேயே ஒரு ரசிகர் மேடையேறிவிட்டார்.

ஆரம்ப நாட்களில் அவர்கள் அமெரிக்கப் பாடல்களையே பாடினார்கள். பாப் டிலன், ஜோனி மிட்செல் போன்றவர்களின் பாடல்கள். பாடகி ஜூடி டைபிளின் இடத்துக்கு 1968-ல் சாண்டி டென்னி வந்தார். லண்டனின் நாட்டுப்புற இசை கிளப்புகளில் தனியாகப் பாடிப் பழகியவர். மெல்லிய குரல்தான், ஆனால் எலெக்ட்ரிக் கிதார்களுக்கு நடுவே அமுங்கிப்போகாத குரல். கச்சேரிக்கு முன் ஒப்பனை அறையில் அவர் முணுமுணுத்த பழைய கிராமத்துப் பாடல்கள் மற்றவர்களின் காதில் விழத் தொடங்கின.

1969-ல் மட்டும் குழு மூன்று ஆல்பங்களை வெளியிட்டது. மூன்றும் மூன்று விதம். ஜனவரியில் வந்த 'வாட் வி டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்', சொந்தப் பாடல்களும் இரவல் பாடல்களும் கலந்தது. ஜூலையில் 'அன்ஹாஃப்பிரிக்கிங்'. அதன் பிரிட்டிஷ் உறையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. சாண்டி டென்னியின் பெற்றோர் தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புகைப்படம் மட்டுமே இருந்தது. அதில் டிலனின் பாடல் ஒன்றை வேடிக்கையாகப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பாடியிருந்தார்கள். அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 21-வது இடம்வரை போனது. அதே ஆல்பத்தில் ஒரு மாலுமியைத் தேடிப் போகும் பெண்ணைப் பற்றிய பழைய நாட்டுப்புறப் பாடல் 11 நிமிடங்களுக்கு நீண்டது. டேவ் ஸ்வார்பிரிக் என்ற வயலின் கலைஞர் விருந்தாளியாக வந்து அதில் வாசித்தார். பிரெஞ்சுக் கூத்தும் கடலோரச் சோகமும் ஒரே இசைத்தட்டில்.

ஆனால் அந்த ஆல்பம் கடைகளுக்கு வருமுன்பே எல்லாம் தலைகீழாகிவிட்டது. 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் கச்சேரியை முடித்துக்கொண்டு லண்டன் திரும்பும் வழியில் எம்-1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் கவிழ்ந்தது. மார்ட்டின் லேம்பிள் இறந்தார். வயது 19. தாம்ப்ஸனின் தோழி ஜீனி ஃப்ராங்க்லினும் இறந்தார். மற்றவர்கள் காயங்களோடு தப்பினார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. கலைக்கவில்லை. ஆனால் லேம்பிளோடு வாசித்த பாடல்களை உடனே மீண்டும் வாசிக்க மனம் வரவில்லை.

வின்செஸ்டர் அருகே ஒரு கிராமத்தில் பெரிய பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்தக் கோடையைக் கழித்தார்கள். ஹட்சிங்ஸ் நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சியாளரைப் போல லண்டனின் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய தொகுப்புகளைப் புரட்டினார். ஸ்வார்பிரிக் நிரந்தர உறுப்பினரானார். லேம்பிளின் இடத்துக்கு வந்த டேவ் மேட்டாக்ஸ், நடன அரங்குகளின் வாத்தியக் குழுக்களில் வாசித்தவர். நாட்டுப்புறப் பாடல்களோடு அதுவரை அவருக்குச் சம்பந்தமே இல்லை. இந்தப் பொருந்தாத கூட்டணி அந்த டிசம்பரில் வெளியிட்டதுதான் 'லீஜ் அண்ட் லீஃப்'. நூற்றாண்டுகள் பழைய கதைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் வைத்து, அதே சமயம் அவற்றின் பழைய முகம் மாறாமல் பாடியது. பிரிட்டனில் 'ஃபோக் ராக்' என்று இன்று சொல்லப்படும் வகைக்கு அது மூல நூல் மாதிரி. 2006-ல் பி.பி.சி. ரேடியோ 2 நேயர்கள் வாக்களித்து, மிக அதிக செல்வாக்குச் செலுத்திய நாட்டுப்புற இசை ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆல்பத்தில் 'டாம் லின்' என்ற பாடல் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஃப்ரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 19-ம் நூற்றாண்டில் தொகுத்த 305 கதைப்பாடல்களில் 39-வது. மோகினிகளின் அரசி ஒரு இளைஞனைச் சிறைபிடித்து வைத்திருக்கிறாள். அவனை மீட்க அவனுடைய காதலிக்கு ஒரே ஒரு வழி உண்டு. நள்ளிரவில் ஊர்வலம் போகும்போது அவனைக் குதிரையிலிருந்து இழுத்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் பாம்பாக மாறுவான், சிங்கமாக மாறுவான். வேறு வேறு உருவங்களை எடுப்பான். அவள் பிடியை விடக் கூடாது. கடைசிவரை விடாமல் இருந்தால் அவன் தன் சொந்த உருவத்தில் அவள் கையில் இருப்பான்.

ஃபேர்போர்ட் ரசிகர்கள் இந்தப் பாடலைப் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். கேட்டதோடு நிற்காமல், அந்தப் பெண் செய்ததையே அவர்களும் செய்துவருகிறார்கள்.

ஏனென்றால் குழு தன் கைக்குள் அடங்குகிற ஜாதி அல்ல. 'லீஜ் அண்ட் லீஃப்' வெளிவருவதற்குள்ளேயே சாண்டி டென்னி விலகினார். தன் சொந்தப் பாடல்களைப் பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஹட்சிங்ஸோ இன்னும் பழைய பாடல்களைத் தேடிப் போக வேண்டும் என்று விலகினார். ஒருவருக்கு நாட்டுப்புற இசை அதிகம், இன்னொருவருக்குப் போதவில்லை! அவருடைய இடத்துக்கு டேவ் பெக் வந்தார். பின்னர் தாம்ப்ஸன் போனார். 1971-ன் கடைசியில் நிக்கலும் போனார். சாண்டி டென்னி 1974-ல் திரும்பி வந்து மறுபடி விலகினார். 1976-ல் நிக்கல் திரும்பி வந்தார். இந்த வரவு செலவுக் கணக்கை ஒப்பிப்பது ரசிகர்களுக்குள் ஒரு பொழுதுபோக்கு.

இசையும் அப்படித்தான் உருமாறியது. 1971-ல் இரண்டு ஆல்பங்கள். 'ஏஞ்சல் டிலைட்' கலகலப்பான ஆட்டப் பாட்டு. குழுவினர் சேர்ந்து வசித்த பழைய மதுக்கடைக் கட்டடத்தின் பெயரை வைத்து எழுந்த தலைப்பு. அதே ஆண்டு வந்த 'பேப்பகோம்ப் லீ' முழுவதும் ஒரே கதை. ஜான் லீ என்ற கொலைக் கைதியை 1885-ல் எக்ஸிட்டர் சிறையில் தூக்கிலிட மூன்று முறை முயன்றார்கள்; மூன்று முறையும் காலடிப் பலகை திறக்கவில்லை. கடைசியில் தண்டனையைக் குறைத்துவிட்டார்கள். பழைய பொருள் கடையில் ஸ்வார்பிரிக்குக்குக் கிடைத்த பழைய பத்திரிகைத் தொகுப்பிலிருந்து உருவான இசைத்தட்டு இது. தூக்குமேடையில் நிறுத்தினாலும் சாகாத மனிதனைப் பற்றி அவர்கள் பாடியது தங்களுக்கே ஜாதகம் எழுதிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

எழுபதுகளின் பின்பாதியில் பலகை உண்மையிலேயே திறந்துவிடும்போல் இருந்தது. பங்க் இசை வந்து நீண்ட வயலின் பாடல்களைப் பரணில் ஏற்றியது. வெர்ட்டிகோ இசைத்தட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வெளியிட வேண்டிய மீதி ஆல்பங்கள் வேண்டாம் என்று பணம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. வாசிக்காமல் இருப்பதற்காகக் காசு கிடைத்தது என்று நிக்கல் இதைப் பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வருடக்கணக்காகப் பெருக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்ததில் ஸ்வார்பிரிக்குக்குக் காது பழுதாகத் தொடங்கியிருந்தது. 1978 ஏப்ரலில் சாண்டி டென்னி 31 வயதில் இறந்தார். இத்தனைக்கும் பிறகு 1979 ஆகஸ்ட் மாலையில் ஒரு பிரியாவிடைக் கச்சேரி நடந்ததில் வியப்பில்லை. அது பிரியாவிடையாக இல்லாமல் போனதுதான் வியப்பு.

க்ராப்ரெடியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. பான்பரி என்ற ஊருக்கு வடக்கே செர்வெல் நதியும் ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயும் பக்கம் பக்கமாகப் போகும் இடம். சில நூறு பேர் வசிக்கும் கிராமம். 1644-ல் உள்நாட்டுப் போரின்போது முதலாம் சார்லஸ் மன்னரின் படையும் பாராளுமன்றப் படையும் அங்குள்ள பாலத்துக்காக மோதின என்பதைத் தவிர அதற்குப் பெரிய புகழ் கிடையாது. (அந்தச் சண்டையைப் பற்றி ரால்ஃப் மெக்டெல் எழுதிய பாடலை ஃபேர்போர்ட் 1989-ல் ஆல்பத்தின் தலைப்புப் பாடலாகவே வைத்தது.) குழுவில் சிலர் அந்த வட்டாரத்தில் குடியேறியிருந்தார்கள். ஊர்க்காரர்களின் பொதுக் காரியத்துக்காக எழுபதுகளின் நடுவில் அங்கே வாசித்ததும் உண்டு. பழக்கப்பட்ட ஊர். அவ்வளவுதான்.

பிரியாவிடைக் கச்சேரிக்குப் பின் டேவ் பெக் ஜெத்ரோ டல் குழுவில் சேர்ந்தார். ஆளுக்கொரு திசை. ஆனால் பெக்கும் மனைவி கிறிஸ்டினும் 'உட்வார்ம்' என்ற பெயரில் சொந்தமாக இசைத்தட்டு வெளியிட ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட்டில் மறுபடி ஒரு மேடையையும் போட்டார்கள். 1981-ல் மட்டும் பக்கத்திலுள்ள பிராட்டன் கோட்டையில் நடந்தது, மற்றபடி க்ராப்ரெடி. 20 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தம்பதியினர் அதை ஏறக்குறைய வீட்டு விசேஷம் போலவே நடத்தினார்கள். பெரிய கம்பெனி கிடையாது, பெரிய விளம்பரம் கிடையாது. போன வருடம் வந்தவர் இந்த வருடம் இன்னொருவரை அழைத்து வருவார். நல்ல காலத்தில் கூட்டம் 20,000 வரை எட்டியது.

கூட்டம் வளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் கலைஞர்களுக்கே தங்கள் குழு சாகவில்லை என்று புரிந்தது. 1985-ல் நிக்கல், பெக், மேட்டாக்ஸ் மூவரும் புதிய ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். 'கிளாடிஸஸ் லீப்' என்று பெயர். சுற்றிப் போக வேண்டிய தூரத்தை மிச்சப்படுத்த ஒரு ஓடையைத் தினமும் தாண்டிக் குதித்துத் தபால் கொடுத்துவந்த கிளாடிஸ் என்ற பெண்ணின் நினைவாக அந்த இடத்துக்கு வரைபடத்திலேயே பெயர் ஏறியது. அதைத்தான் தலைப்பாக்கினார்கள். ஆறு ஆண்டு இடைவெளியைக் குழுவும் அப்படித்தான் தாண்டியது. விரைவில் ரிக் ஸாண்டர்ஸ் வயலினோடு வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளில் க்ரிஸ் லெஸ்லியும் டிரம்ஸ் வாசிக்க ஜெர்ரி கான்வேயும் வந்தார்கள். நிக்கல், பெக், ஸாண்டர்ஸ், லெஸ்லி, கான்வே என்ற இந்த ஐவர் அணி, சாண்டி டென்னி இருந்த புகழ்பெற்ற அணியைவிடப் பல மடங்கு அதிக காலம் நீடித்தது.

ராக் இசை விழா என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது உட்ஸ்டாக். 1969-ல் சில லட்சம் பேர், சேறு, குழப்பம், புரட்சி. க்ராப்ரெடி அதற்கு நேர் எதிர். ஒரே ஒரு மேடை. எந்தக் கச்சேரியைவிட்டு எந்தக் கச்சேரிக்கு ஓடுவது என்ற தவிப்பு கிடையாது. எல்லோரும் மூன்று நாளும் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள். மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும் வயல். மடக்கு நாற்காலிகளோடு வரும் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்க உயரமான கம்புகளில் விதவிதமான கொடிகள். இருபது வயதில் தனியாக வந்தவர்கள் இப்போது பேரன் பேத்திகளோடு வருகிறார்கள். கால்வாயில் படகுகளைக் கட்டிவிட்டு நடந்து வருபவர்களும் உண்டு.

கிராமமும் சும்மா இருப்பதில்லை. ஊர்ப் பொது அமைப்புகள் காலைச் சிற்றுண்டி விற்கின்றன. வீட்டு வாசல்களில் பழைய புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டு மதுக்கடைகளுக்கும் அந்த மூன்று நாட்கள்தான் தீபாவளி. வேறு எந்த ராக் விழாவையும் பக்கத்து ஊர்க்காரர்கள் புகார் மனுவோடுதான் எதிர்கொள்வார்கள். இங்கே ஊரும் விழாவும் நீண்ட நாள் சம்பந்திகள் போலப் பழகுகிறார்கள்.

மேடைக்கு அழைக்கப்படுபவர்களின் பட்டியலைப் பார்த்தால் குழுவின் குணம் தெரியும். நாட்டுப்புறப் பாடகர்கள், இளம் கலைஞர்கள், நகைச்சுவைப் பாடகர்கள் எல்லாம் சரி. 2013-ல் திகில் நாடகம் போல ராக் இசை நடத்தும் ஆலிஸ் கூப்பர் வந்தார். 2017-ல் பெட்டுலா க்ளார்க். 2018-ல் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன். ஒரே வயலில், ஒரே கூட்டத்துக்கு. முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் கேட்கும் பயிற்சியை அந்தக் கூட்டத்துக்கு ஃபேர்போர்ட் 1969-லேயே கொடுத்துவிட்டது. பிரெஞ்சு டிலனுக்கும் மாலுமிக் கதைக்கும் சேர்ந்து காது கொடுத்தவர்கள் எதற்கும் தயார்.

இதைக் கிண்டல் செய்பவர்கள் இல்லாமல் இல்லை. குழுவின் பொற்காலம் 1970-லேயே முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் நினைவஞ்சலி என்பது விமர்சகர்கள் பலரின் தீர்ப்பு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பிற்காலத்து ஆல்பங்களில் எதுவும் 'லீஜ் அண்ட் லீஃப்' போல இசையின் திசையைத் திருப்பவில்லை. ரசிகர்களும் இதை மறுப்பதில்லை. ஆனால் அவர்களுடைய கணக்கு வேறு. விமர்சகர் ஆல்பங்களை வரிசைப்படுத்துகிறார். ரசிகர் ஆண்டுகளை வரிசைப்படுத்துகிறார். எந்த ஆண்டு மழை பெய்தது, எந்த ஆண்டு யார் எதிர்பாராமல் மேடையேறினார், எந்த ஆண்டு யார் இல்லை.

எதிர்பாராமல் மேடையேறுவது அங்கே ஒரு மரபு. விலகிய உறுப்பினர்கள் விரோதிகளாகாமல் ஆகஸ்ட்டில் வந்து நிற்பார்கள். ராபர்ட் பிளாண்ட் பல முறை வந்திருக்கிறார். லெட் ஸெப்பலினின் 'பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாடலில் 1971-ல் அவரோடு சேர்ந்து பாடியவர் சாண்டி டென்னி. அந்தக் குழுவின் இசைத்தட்டில் விருந்தாளியாகப் பாடிய ஒரே குரல் அவருடையதுதான். 2008-ல் க்ராப்ரெடி மேடையில் பிளாண்ட் அந்தப் பாடலைப் பாடினார். பாட வேண்டிய இன்னொருவர் இறந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடத்தை வேறொரு பெண் குரல் நிரப்பியது. யாருடைய இடம் அது என்று வயலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஸ்வார்பிரிக்கின் கதை இன்னும் விசித்திரம். 1999-ல் நுரையீரல் நோயால் அவர் கோவென்ட்ரியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை தவறாக அவருடைய இரங்கல் கட்டுரையையே வெளியிட்டுவிட்டது. நல்ல புகழுரை. அதைப் படித்து ரசித்த அவர், பிற்பாடு அந்தக் கட்டுரையின் பிரதிகளில் கையெழுத்துப் போட்டு விற்றார். ஆனால் நோய் பொய்யல்ல. வேலை செய்ய முடியாமல் போனவருக்காக நண்பர்களும் ரசிகர்களும் 'ஸ்வார்ப்எய்ட்' என்ற பெயரில் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். 2004-ல் இரண்டு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. 2007-ல் க்ராப்ரெடியில் 'லீஜ் அண்ட் லீஃப்' முழுவதையும் 1969 அணியே வாசித்தது. தாம்ப்ஸன், நிக்கல், ஹட்சிங்ஸ், மேட்டாக்ஸ், அவர்களோடு புதிய நுரையீரல்களுடன் ஸ்வார்பிரிக். சாண்டி டென்னியின் பாகத்தை க்ரிஸ் வைல் என்ற பாடகி பாடினார். 'டாம் லின்' பாடலும் அன்று ஒலித்தது. பிடியை விடாத பெண்ணின் கதையைக் கேட்க அதைவிடப் பொருத்தமான கூட்டம் எங்கேயும் கிடைத்திருக்காது.

ஸ்வார்பிரிக் உண்மையில் இறந்தது 2016-ல். அதற்குப் பின் இழப்புகள் வரிசையாக வந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குழுவில் இருந்த மார்ட்டின் ஆல்காக் 2018-ல் இறந்தார். முதல் பாடகி ஜூடி டைபிள் 2020-ல் இறந்தார். 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கோவிட் தொற்றால் விழா நடக்கவில்லை. 1980-க்குப் பின் ஆகஸ்ட்டில் விழாவே இல்லாமல் போனது அப்போதுதான். 2022-ல் விழா திரும்பியபோது கான்வே குழுவிலிருந்து விலகியிருந்தார். டிரம்ஸுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர், லேம்பிளின் மரணத்துக்குப் பின் 1969-ல் அதே இடத்தில் உட்கார்ந்த டேவ் மேட்டாக்ஸ். 2024 மார்ச்சில் கான்வேயும் இறந்தார்.

இப்படியொரு குழுவின் ரசிகராக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கலைஞருக்கு வயதாவதை ஆண்டுக்கொரு முறை, அதே தேதியில், அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இசைத்தட்டில் சாண்டி டென்னிக்கு எப்போதும் 22 வயது. மேடையில் அப்படி இல்லை. நிக்கலுக்கும் பெக்குக்கும் 70 வயது தாண்டிவிட்டது. பாடல்களின் சுருதி இறங்குகிறது, நடை தளர்கிறது. மேடையில் நிற்பவர்களும் கீழே நிற்பவர்களைப் பார்க்கிறார்கள். முன்வரிசைத் தலைகளும் நரைத்திருக்கின்றன. காலியான நாற்காலிகள் இரண்டு பக்கமும் உண்டு. இதைத் தாங்க முடியாதவர்கள் இசைத்தட்டோடு நின்றுவிடுகிறார்கள். அது தவறும் அல்ல. ஆனால் வயலுக்கு வருபவர்கள் வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். இளமையை நேசிப்பவருக்கு இசைத்தட்டு போதும். கூட இருந்து வயதாவதற்கு ஒரு விழா வேண்டியிருக்கிறது.

விழாவின் சடங்குகள் எல்லோருக்கும் மனப்பாடம். பிந்தைய ஆண்டுகளில், வியாழக்கிழமை மாலை ஃபேர்போர்ட்டே சின்னதாக, அதிக மின்சாரம் இல்லாமல் வாசித்துத் தொடங்கிவைக்கும். சனிக்கிழமை இரவு அவர்களுடைய நீண்ட கச்சேரி. பழைய சகாக்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள். சைல்ட் தொகுப்பில் 81-வதான, பிரபுவின் மனைவியும் அவள் காதலனும் வெட்டுப்பட்டுச் சாகும் 'மேட்டி க்ரோவ்ஸ்' கடைசிக்கு முந்தி வரும். இவ்வளவு ரத்தம் சிந்தும் கதைக்கு இவ்வளவு மகிழ்ச்சியாக ஆடும் கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முடிவாக 'மீட் ஆன் தி லெட்ஜ்'. தாம்ப்ஸன் பதின்வயதில் எழுதியது. 1968-ல் தனி இசைத்தட்டாக வந்தபோது விற்பனைப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரிந்து போன நண்பர்கள் ஒருநாள் மீண்டும் ஓரிடத்தில் சந்திப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் சாரம். எழுதிய பையனுக்கு அப்போது இழப்பு என்றால் என்னவென்று பெரிதாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த ஆண்டே தெரிந்தது. ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் அந்தப் பாடலுக்குக் கொஞ்சம் கனம் கூடியது. இப்போது ரசிகர்களின் இறுதிச் சடங்குகளிலும் அது பாடப்படுகிறது. க்ராப்ரெடியில் அந்தப் பாடல் தொடங்கியதும் வயல் முழுக்க எழுந்து நிற்கிறது. மேடையில் உள்ளவர்கள் பாடுகிறார்களா, கீழே உள்ளவர்கள் பாடுகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 1979-லும் அதைப் பாடித்தான் அவர்களை வழியனுப்பினார்கள்.

பாட்டு முடிந்ததும் அதிகம் பேசாமல் நாற்காலிகளை மடிக்கிறார்கள். ஞாயிறு காலை கூடாரங்கள் இறங்குகின்றன, கொடிகள் சுருட்டப்படுகின்றன, கால்வாயில் கட்டியிருந்த படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. அடுத்த ஆகஸ்ட்டில் மேடையில் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழக்கம் காரணமாகவோ என்னவோ, விடைபெறும்போது அங்கே யாரும் அதைக் கேட்பதும் இல்லை.